நூற்றுப் பதினாறாம் பதிவு

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். ஜன்னலோரத்தில் இருப்பதை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். செம்மணல்விளையிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறீர்கள். அதுவும் சனிக்கிழமை. தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு குருவானவர் வெளியூர் போவதற்குச் சனிக்கிழமை உரிய நாள் அல்ல. நாளைக் காலை பிரசங்கம் இருக்கிறது அல்லவா? வீட்டில் யார் இருக்கிறார்கள்? மனைவியா? நல்லது. வருகிறவர்களுக்கு அவர்களே பதில் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

பதிவேட்டை இப்படிக் கொடுங்கள். மூக்குக்கண்ணாடி அந்த வேதப்புத்தகத்தின் மேல் இருக்கிறது, அதையும் எடுங்கள்.

ஆக, நீங்கள் கேட்டு வந்தது இது. கல்லறைத் தோட்டத்துச் சுவரை எடுத்துக் கட்டுகிறீர்கள். பழைய மண்மேடுகள் கரைந்துவிட்டதால், அங்கே அடக்கம் செய்யப்பட்டவர்களின் பெயர்களை ஒரு கல்லில் வெட்டி வைக்கப்போகிறீர்கள். ஞானஸ்நானம் பெற்றவர்களின் பெயர் மட்டும். இந்த ஒரு பதிவு வந்தபோது கமிட்டியில் ஒருவர் எழுந்து ஆட்சேபம் சொன்னார். ஞானஸ்நானம் கொடுத்தவர் என்ற கட்டத்தில் குருவானவர் பெயர் இல்லை, ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது. அந்தப் பெண் உயிரோடுதான் இருக்கிறாள், அவளிடம் எழுதி வாங்கி வாருங்கள், இல்லாவிட்டால் அந்தப் பெயரை விட்டுவிடுவோம் என்றார். அப்படித்தானே? அந்தப் பெண் நான்.

நூற்றுப் பதினாறு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கு, ஜூன் மாதம் பதினைந்தாம் தேதி. பெண் குழந்தை. பெற்றோர் யோபு, தங்கக்கனி. தொழில் பனையேற்று. ஞானஸ்நானம் கொடுத்தவர், லோவிசாள் மாசிலாமணி, குருவானவரின் மனைவி.

எழுத்து என் கணவருடையது. கோழி கிளறியதுபோல் இருக்கிறதே, அதிலேயே தெரியும். இதற்கு முந்தைய நூற்றுப் பதினைந்து பதிவுகளையும் பாருங்கள். எல்லாம் என் கை. ஒரு அடித்தல் உண்டா? ஒரு மைத்துளி உண்டா? பதிவேடு எழுதுவது குருவானவரின் கடமை என்றாலும் அவர் எழுத்தை அவராலேயே வாசிக்க முடியாது. அதனால் நான் எழுதுவேன், அவர் கையொப்பம் இடுவார்.

இந்த வரியில் என் பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது, கவனித்தீர்களா? கொடுத்தவர் கட்டத்தில் லோவிசாள். பிள்ளையின் பெயர் எழுத வேண்டிய கட்டத்திலும் லோவிசாள். பின்னது கைப்பிழை. ஒரு கட்டத்தில் எழுத வேண்டியதை இன்னொரு கட்டத்திலும் எழுதிவிட்டார். பதிவேடு எழுதிப் பழகாதவர்கள் செய்வதுதான், மன்னித்துவிடலாம். முன்னது பொய். நான் எந்தப் பிள்ளைக்கும் ஞானஸ்நானம் கொடுத்தவள் அல்ல.

அவரோடு ஐம்பத்தொரு வருடம் வாழ்ந்தேன். அவர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரே ஒரு பொய்யைச் சொல்லியிருக்கிறார். அதையும் கோவில் பதிவேட்டில் எழுதியிருக்கிறார். அதையும் என் பெயரில் எழுதியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு வருத்தமாக இருக்குமா, இருக்காதா? நீங்களே சொல்லுங்கள்.

உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். கேட்டுவிட்டுக் கமிட்டியில் சொல்லுங்கள்.

அவர் தபால் ஆபீஸ் வேலையை விட்டு ஊழியத்துக்கு வந்தவர். அவருடைய தகப்பனார் இரண்டு வருடம் அவரோடு பேசவில்லை. ஏன் விட்டீர்கள் என்று யாராவது கேட்டால், இரண்டும் ஒரே வேலைதான், பிறருக்கு வந்த செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை என்பார். செம்மணல்விளைச் சேகரத்தில் அப்போது ஏழு சிற்றூர்ச் சபைகள். தேரிச் செம்மணல் மேட்டில் சைக்கிள் ஓடாது. பாதித் தூரம் அவர்தான் சைக்கிளைச் சுமந்து போவார். திங்கள்கிழமை நோயாளிகள். செவ்வாய் இரண்டு சபைகளில் கூட்டம். புதன்கிழமை கிணற்றுச் சண்டை, வரப்புச் சண்டை, மாமியார் மருமகள் சண்டை. ஒரு தடவை, கோபித்துக்கொண்டு பனையுச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்ட ஒருவனைக் கீழே நின்று ஜெபித்தே இறக்கினார். "ஐயரே, கழுத்து வலிக்குமே, நீங்க போங்க" என்று மேலேயிருந்து அவன் சொல்ல, "நீ இறங்கு, ரெண்டு பேரு கழுத்தும் பிழைக்கும்" என்று இவர் சொல்ல, ஊரே சிரித்தது. அப்படிப்பட்டவர். யார் கூப்பிட்டாலும் எழுந்து போய்விடுவார். சாப்பாட்டின் பாதியில் போவார். ஆகையால் வாசலில் ஒருவர் நின்று பிரித்துப் பார்த்து அனுப்ப வேண்டியிருந்தது. அந்த வேலையை நான் செய்தேன். யாரும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. செய்யாவிட்டால் நடக்காது, அதனால் செய்தேன்.

சனிக்கிழமை மட்டும் ஒருவரையும் விடமாட்டேன். அன்று பிரசங்கம். உள்ளறையில் அவர் எழுதுவார். எழுதிய தாளை நான் வாங்கிப் பிழை திருத்தி நல்ல பிரதி எடுப்பேன். சபையார் ஐயர் பிரசங்கத்தைப் புகழ்வார்கள். ஐயரம்மாவின் பிரதியைப் பற்றி யாருக்குத் தெரியும்? தெரிய வேண்டியதும் இல்லை.

அந்த ஜூன் பதினைந்து சாதாரணச் சனிக்கிழமை அல்ல. மறுநாள் பேராயர் வருவதாக இருந்தது. நகரத்துப் பெரிய கோவிலுக்கு ஒரு குருவானவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பேராயர் பிரசங்கம் கேட்கவே வருகிறார் என்று அவருடைய எழுத்தர் என் தம்பியிடம் சொல்லியிருந்தார். எனக்கு அதில் ஒரு ஆசையும் இல்லை. அந்தக் கோவிலுக்குப் பக்கத்திலேயே பெண்கள் உயர்நிலைப்பள்ளி இருந்தது, அங்கே தலைமையாசிரியை இடம் காலியாக இருந்தது என்பது வேறு விஷயம். இவருடைய தகுதிக்கு ஏற்ற இடம் அது. அவ்வளவுதான்.

மூன்று மணி இருக்கும். தங்கக்கனி வந்தாள். என்னிடம் மூன்றாம் வகுப்புப் படித்தவள், அதன்பிறகு நின்றுவிட்டாள். பத்தொன்பது வயது. பனங்காலமாகையால் அவளும் யோபுவும் ஊரைவிட்டு மூன்று மைல் தள்ளித் தேரிக்குள் பதநீர் காய்ச்சும் குடிசையில் இருந்தார்கள். விடிலி என்பார்கள், நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து அந்த வெயிலில் நடந்து வந்திருக்கிறாள், நாற்பது நாள் பிள்ளையைச் சேலைக்குள் சுற்றிக்கொண்டு.

"ஐயரம்மா, பிள்ளைக்கு ஞானஸ்நானம் வேணும். இன்னைக்கே வேணும்" என்றாள்.

"இன்னைக்கே என்றால்? யோபு எங்கே?"

"பனையில நிக்காவ. நான் சொல்லாமத்தான் வந்தேன்."

நான் முறையை எடுத்துச் சொன்னேன். ஞானஸ்நானம் மாதத்தின் முதல் ஞாயிறு. அந்த மாதத்துக்கு முடிந்துவிட்டது. அடுத்தது ஜூலை ஏழாம் தேதி. தகப்பனும் வர வேண்டும். ஞானப் பெற்றோர் மூன்று பேர் வேண்டும். அதற்கு முன் இரண்டு நாள் பெற்றோருக்கு உபதேசம். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தலையாட்டிவிட்டு மறுபடியும், "இன்னைக்கே வேணும்மா" என்றாள்.

"பிள்ளைக்கு என்ன?"

"பால் குடிக்கல. மூணு நாளாச்சி."

"டாக்டரிடம் காட்டினாயா?"

"நேத்து கொண்டுபோனேன். பாத்தாவ. ஒண்ணும் சொல்லலம்மா. மருந்தும் எழுதல."

மருந்து எழுதவில்லை என்றால் என்ன பொருள்? நோய் ஒன்றும் பெரிதாக இல்லை என்று பொருள். அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். தலைப்பிள்ளைக்காரிகள் தும்மலுக்கும் பயப்படுவார்கள். நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

நான் கடுமையாக நடக்கவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். உட்காரச் சொன்னேன். மோர் கொடுத்தேன். பிள்ளையைத் தொட்டுப் பார்த்தேன். நெற்றி அனலாக இருந்தது. பானைத் தண்ணீரில் என் முந்தானை நுனியை நனைத்து நெற்றியில் வைத்தேன். காய்ச்சலுக்கு அது நல்லது. இரண்டு மூன்று முறை வைத்திருப்பேன். அவள் முகத்தைப் பார்த்து, சரி, ஒரு ஜெபமாவது செய்யலாம் என்று இரண்டு வார்த்தை ஜெபித்தேன். வழக்கமாக முடிக்கிறதுபோலப் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்திலே என்று முடித்தேன். அவள் சத்தமாக ஆமென் சொன்னாள்.

அந்தச் சத்தம் கேட்டு அவர் உள்ளேயிருந்து, "யாரு, லோவி?" என்றார்.

"யாருமில்லை, தங்கக்கனிதான்" என்றேன்.

அவர் மேலே எழுதினார். அதையும் கவனியுங்கள். அவரும் எழுந்து வரவில்லை.

ஆறு மணிக்கு ஐயா வெளியே வருவார், அதுவரை வேப்பமரத்தடியில் இரு என்று சொன்னேன். இருந்தாள். நான் நல்ல பிரதியில் நான்காம் பக்கம் எழுதிக்கொண்டிருந்தபோது நிமிர்ந்து பார்த்தேன், அவள் இல்லை. யோபு பனையிலிருந்து இறங்குகிற நேரம், போயிருப்பாள் என்று நினைத்தேன். அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. வருகிறவர்கள் போகிறவர்களையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால் நான் வாசலில் நிற்பதற்கு என்ன அர்த்தம்?

மறுநாள் காலை ஏழு மணிக்கு மணி அடித்தது. சாவு மணி. ஒவ்வோர் அடிக்கும் நடுவில் இடைவெளி விட்டு அடிப்பார்களே, அது. எங்கள் சேகரத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஞானஸ்நானம் பெறாத பிள்ளை இறந்தால் மணி இல்லை, அடக்க ஆராதனை இல்லை, தோட்டத்துக்கு உள்ளே இடமும் இல்லை. சுவருக்கு வெளியே கள்ளிச்செடிப் பக்கம் தகப்பன் ஒருவனாய்க் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவான். ஆகையால் யாரோ பெரியவர் என்றுதான் நினைத்தேன். மணியடிக்கிற அந்தோணியைக் கூப்பிட்டு யாருக்கு என்று கேட்டேன். "தங்கக்கனி பிள்ளைக்கும்மா" என்றான்.

விடியுமுன்பே, நான் எழாதபோதே, யோபு வந்து கூப்பிட, அவர் விடிலிக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தார். கால் முழுக்கச் சிவப்பு மணல். என் முன்னால் நின்று கேட்டார்.

"பிள்ளை நெற்றியில் தண்ணீர் வைத்தாயா?"

"வைத்தேன். காய்ச்சல் இருந்தது."

"ஜெபித்தாயா?"

"இரண்டு வார்த்தை."

"எப்படி முடித்தாய்?"

"எப்போதும் முடிப்பதுபோல."

"சரி" என்றார். அங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார். தாய் அழுததைப் பார்த்து மனமிளகி, வழக்கத்தை மீறி அடக்கம் செய்யப்போகிறார் என்றே நான் எண்ணினேன். வேறு எண்ணுவதற்கு அவர் என்ன சொன்னார்?

அந்த நேரத்தில்தான் பேராயர் வந்து இறங்கினார். ஒரு மணி இருபது நிமிடம் அவரைக் குருமனையில் உட்கார வைத்து நான் பேசிக்கொண்டிருந்தேன். மட்டி வாழைப்பழம் கொடுத்தேன், காபி கொடுத்தேன், மறுபடியும் காபி கொடுத்தேன். என்ன பேசினேன் என்று தெரியவில்லை. ஆராதனையில் இவர் பிரசங்கபீடத்தில் ஏறினார். என் நல்ல பிரதி ஒன்பது பக்கம், தைத்து, மேலே தலைப்பிட்டு வைத்திருந்தேன். அதைத் திறக்கவில்லை. நேற்று என் வீட்டு வாசலுக்கு வந்தவர்களை நான் எழுந்து பார்க்கவில்லை என்றார். இன்னும் நாலைந்து வாக்கியம். இறங்கிவிட்டார். நான்கு நிமிடம். கோவிலில் கடிகாரம் என் எதிரே இருந்தது.

நகரத்துக் கோவிலுக்கு வேறொருவர் போனார். இவருக்கு அதில் வருத்தமே இல்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

அதன்பிறகு அவர் செய்தவற்றைக் கேளுங்கள். அடுத்த சனிக்கிழமை மேசையைத் தூக்கிக்கொண்டுபோய் வீட்டு வாசற்கதவுக்கு முன்னால் போட்டார். காற்று வேண்டும் என்றார். காற்று வந்தது. தாள்கள் பறந்தன. ஒரு தடவை பிரசங்கத்தின் இரண்டாம் பாகத்தை ஆடு தின்றது. "அதுக்கும் கொஞ்சம் வசனம் போகட்டும்" என்று சிரிக்கிறார்! அதற்குப் பிறகு ஐந்து சேகரங்களுக்கு மாற்றலாகிப் போனோம். ஐந்திலும் மேசை வாசலில்தான். வருகிறவன் போகிறவன் எல்லாரும் மேசை மேல் கையூன்றிப் பேசுவான். நான் நிற்க வாசல் இல்லாமல் போயிற்று. நல்ல பிரதியும் வேண்டாம் என்றுவிட்டார். பதிவேட்டையும் என்னிடமிருந்து வாங்கிக் கோவில் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். என் எழுத்தில் என்ன குறை கண்டீர்கள் என்று கேட்டேன். "குறை உன் எழுத்தில் இல்லை, லோவி" என்றார். வேறு எதில் என்று நான் கேட்கவில்லை.

இன்று நீங்கள் இதைக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் ஏன் பூட்டினார் என்று தெரிகிறது. இந்தப் பொய்யை நான் பார்க்கக் கூடாது என்று.

அவசரம் என்றால் எந்தக் கிறிஸ்தவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எனக்குத் தெரியாததல்ல. குருவானவர் வேண்டியதில்லை. தண்ணீர் வேண்டும், நாமம் வேண்டும், கொடுக்கிறோம் என்ற எண்ணம் வேண்டும். பதினான்கு வருடம் பிள்ளைகளுக்கு நானே அதைப் பாடமாகச் சொல்லிக் கொடுத்தேன். பரீட்சையில் கேள்வியாகவும் கேட்டிருக்கிறேன். தண்ணீர் இருந்தது. நாமமும் சொன்னேன். எண்ணம் இல்லை. என் எண்ணம் நான்காம் பக்கத்தில் இருந்தது. எண்ணம் இல்லாமல் வைத்த தண்ணீர் ஈரத்துணி. அதை ஞானஸ்நானம் என்று எழுதினால் பொய். நான் கையொப்பம் இட முடியாது. இதைத்தான் கமிட்டியில் நீங்கள் சொல்ல வேண்டும்.

தங்கக்கனிக்கு என்மேல் மனக்குறை ஒன்றும் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் எந்தச் சேகரத்தில் இருந்தாலும், யார் கையிலாவது வருடம் தவறாமல் ஒரு ஓலைக் கொட்டான் நிறையக் கருப்பட்டி வரும். என் பெயருக்குத்தான் வரும். ஜூன் பாதியில் வரும். புதுக் கருப்பட்டி இறங்குகிற காலம் அது. இந்த வருடமும் வந்தது. எழுத்தறிவித்த நன்றி.

என்ன? எது கைப்பிழை அல்ல?

இல்லை, நீங்கள் சொல்லுங்கள். நான் குறுக்கே பேசவில்லை.

தங்கக்கனியே சொன்னாளா? உங்களிடமா?

மெதுவாகச் சொல்லுங்கள். அன்று காலை விடிலியில் பிள்ளைக்கு என்ன பெயர் என்று அவர் கேட்டார். சரி. இன்னும் பெயர் வைக்கவில்லை என்றாள். ஞானஸ்நானத்தில்தானே பெயர் வைப்போம். சரி. அப்புறம்?

"தண்ணி வச்சவங்க பேரையே எழுதிருங்க ஐயா."

அவள் சொன்ன சொல்லே இதுதானா? நீங்கள் சேர்த்துச் சொல்லவில்லையே?

கொஞ்சம் இருங்கள். ஜன்னலைச் சாத்த வேண்டாம், திறந்தே இருக்கட்டும்.

அப்படியானால், இது கைப்பிழை அல்ல. பிள்ளையின் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் பிள்ளையின் பெயர்தான் இருக்கிறது.

நான் பெயரைக் கேட்கவில்லை, பாருங்கள். தகப்பன் எங்கே என்று கேட்டேன். டாக்டரைப் பற்றிக் கேட்டேன். தேதி சொன்னேன், முறை சொன்னேன். பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கப்போகிறாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் ஒரு பெயர் சொல்லியிருப்பாள். தண்ணீர் கையில் இருந்தது.

அவள் மூன்று மைல் திரும்பி நடந்தபோது, கொடுத்தாயிற்று என்று நினைத்துக்கொண்டு நடந்திருப்பாளா? ஆறு மணிவரை காத்திருக்காமல் அதனால்தான் போனாளா? நீங்கள் கேட்டீர்களா? கேட்கவில்லையா? நல்லது. கேட்க வேண்டாம்.

தாள் இருக்கிறதா? கோடு போட்ட தாள் வேண்டாம். நானே எழுதுகிறேன், கோடு இல்லாமலே எனக்கு நேராக வரும்.

இதோ. வாசிக்கிறேன். "பதிவு எண் நூற்றுப் பதினாறு. மேற்கண்ட தேதியில், பிற்பகலில், செம்மணல்விளைக் குருமனையின் வாசலில், யோபு தங்கக்கனி தம்பதியரின் மகளாகிய குழந்தை லோவிசாளின் நெற்றியில் தண்ணீர் வைத்தவள் நான். வைத்து, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொன்னதும் நான். தாய் ஆமென் என்றாள். இப்படிக்கு, லோவிசாள் மாசிலாமணி."

இதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. சரிபார்த்துவிட்டேன். அந்தக் குழந்தையின் பெயர் எனக்கு எந்தத் தேதியில் தெரியவந்தது என்பதை மட்டும் எழுதவில்லை. அதைக் கமிட்டி கேட்கவில்லை.

கல்லில் வெட்டுகிறவனிடம் எழுத்துப் பிழை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேண்டுமானால் தனித்தாளில் பெரிதாக எழுதித் தருகிறேன்.

புறப்படுங்கள். மூன்றரைக்கு ஒரு பேருந்து இருக்கிறது. காபி வைக்கச் சொன்னால் அதைத் தவறவிடுவீர்கள். இன்று சனிக்கிழமை, உங்கள் வாசலில் இப்போதே யாராவது வந்து நிற்கலாம்.

ஒன்று மட்டும். நான் சொன்னதாக உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். உள்ளே நீங்கள் எழுதிக்கொண்டிருப்பீர்கள். வாசலில் பேச்சுக் குரல் கேட்கும். யாரு என்று அங்கிருந்தே கேட்பீர்கள். அப்போது அவர்கள் வந்தவரின் பெயரைச் சொல்லட்டும். பெயரை மட்டும். அதற்கு முன்னால் ஒரு சொல்லும் வேண்டாம்.